பெருந்தொற்று ஊரடங்கில் மாற்றுக்கருத்தும் கிராம சபையும்: காஞ்சிபுரம் வட்டாரம், 2020–2022

கோவிட்-19 பெருந்தொற்றை ஒட்டி 2020 மார்ச் மாதம் தொடங்கிய ஊரடங்கு, மக்கள் கூடுவதையும் கூடிப் பேசுவதையும் தடை செய்தது. நோய் பரவாமல் தடுக்க அத்தடை தேவைப்பட்டது. ஆனால் அதே காலத்தில்தான் மக்கள் அரசிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் பெருகின. உணவு, கூலி, மருத்துவமனைப் படுக்கை, காவல்துறையின் நடத்தை, நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய சட்டங்கள் எனப் பலவற்றைப் பற்றியும் மாற்றுக்கருத்து எழுந்தது. அதைச் சொல்ல மக்கள் சில புதிய வழிகளைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் சட்டம் ஏற்கனவே கொடுத்திருந்த ஒரு பழைய வழி, அதாவது கிராம சபை, தமிழ்நாட்டில் 20 மாத காலம் மூடிக் கிடந்தது.

கிராம சபை நின்றுபோனதன் இழப்பு எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவானது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அந்த இழப்பு இருமடங்கு. அங்கு அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே இல்லை. கூரம், உத்திரமேரூர் போன்ற ஊர்களின் வழியாக ஊர்ப் பொதுவாழ்வின் வரலாற்றில் தனியிடம் பெற்ற வட்டாரம் அது. எனவே இக்கட்டுரை அவ்வட்டாரத்தை மையமாக வைத்து, ஊரடங்குக் காலத்தில் பேச்சுரிமை எவ்வாறு சுருங்கியது, எவ்வழிகளில் அது மீண்டது என்பதை விவரிக்கிறது.

கிராம சபை என்றால் என்ன?

அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1992-இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியாகச் சேர்க்கப்பட்ட 243-அ பிரிவு கிராம சபைக்கு அரசியலமைப்புத் தகுதி அளிக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். கிராம சபையிலோ வாக்காளரே உறுப்பினர். அங்கு தன் கருத்தைத் தானே எழுந்து சொல்லலாம்.

ஊராட்சியின் வரவு செலவு, தணிக்கை அறிக்கை, பணித் திட்டங்கள், பயனாளிகள் பட்டியல் ஆகியவை இச்சபையின் முன் வைக்கப்பட வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது சட்டத்தின் விதி. நடைமுறையில் தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூட்டம் நடந்துவந்தது. குறைவெண் வரம்பு மக்கள் தொகைக்கேற்ப 50 பேர் முதல் 300 பேர் வரை மாறும்.

கிராம சபைத் தீர்மானம் எல்லா வேளையிலும் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஊர்வலத்தில் எழுப்பிய முழக்கம் அன்றோடு முடிந்துவிடும். கிராம சபையில் நிறைவேறிய தீர்மானமோ ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகி அரசு ஆவணமாகிவிடும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைப்பது பற்றிக் கிராம சபைகள் முடிவெடுக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் எழுந்த வழக்கு அது. அங்கு கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. தமிழ்நாட்டிலும் மதுக்கடை, மணல் குவாரி, ஹைட்ரோகார்பன் திட்டம் ஆகியவற்றுக்கு எதிராக ஊர்கள் தீர்மானம் போட்டிருக்கின்றன.

கூரமும் உத்திரமேரூரும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், பல்லவர் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு அறிமுகமான ஊர். முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தைச் (7-ஆம் நூற்றாண்டு) சேர்ந்த கூரம் செப்பேடு இங்கு கிடைத்தது. வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடையை அது சொல்கிறது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியாக ஏரிக்கு நீர் வந்த செய்தியும் அதில் உண்டு. ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கும், மண்டபத்துக்கு நீரும் நெருப்பும் கொண்டுவருபவருக்கு ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. ஊரார் கூடி உட்கார்ந்து கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும், அதைப் பராமரிக்கச் செலவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் தெரிகிறது.

இதே மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதம் அவற்றில் விளக்கப்பட்டுள்ளது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெற முடியாது. இதை இன்றைய மக்களாட்சியோடு அப்படியே ஒப்பிடுவது சரியன்று. அது நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களின் சபை. பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் அங்கு இடமில்லை. ஆயினும் பொறுப்பில் இருப்பவர் ஊரார் முன் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியைக் கல்லில் வெட்டி வைத்தது அந்தச் சபை.

கூரத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு. இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வான் இவ்வூரில் பிறந்தவர். இராமானுசருக்குப் பதிலாக அவர் அரசவைக்குச் சென்றார் என்றும், மன்னன் நீட்டிய ஓலையில் தன் மனத்துக்கு ஒவ்வாத கருத்துக்குக் கையெழுத்திட மறுத்தார் என்றும், அதனால் கண்களை இழந்தார் என்றும் வைணவ குருபரம்பரை மரபு கூறுகிறது. அம்மன்னன் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதிகாரத்தின் முன் மறுத்துச் சொன்ன ஒருவரை இவ்வூர் பெருமையாக நினைவில் வைத்திருக்கிறது.

1897-ஆம் ஆண்டுச் சட்டம்

2020-இல் ஊரடங்குக்கு அடிப்படையாக அமைந்த சட்டங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். மற்றொன்று 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம். பின்னது பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவியபோது ஆங்கிலேய அரசு அவசரமாகக் கொண்டுவந்தது. ஆணையை மீறுவோரைத் தண்டிக்க அதில் வழி உண்டு. நல்லெண்ணத்துடன் செயல்பட்ட அதிகாரிகள் மீது வழக்குத் தொடர முடியாதபடி பாதுகாப்பும் உண்டு. பாதிக்கப்பட்டவர் முறையிடுவதற்கான வழி மட்டும் அதில் இல்லை.

அச்சட்டத்தின் முதல் ஆண்டே ஒரு பாடமாக அமைந்தது. புனேயில் பிளேக் தடுப்புக்குப் பொறுப்பேற்ற ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் படைவீரர்கள் வீடு புகுந்து சோதனை செய்தார்கள். மக்களிடம் கடும் கோபம் எழுந்தது. 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். காயமடைந்த அவர் பின்னர் இறந்தார். தம் 'கேசரி' இதழில் வெளிவந்த எழுத்துகளுக்காகப் பாலகங்காதர திலகர் மீது அரசு இராசத்துரோக வழக்குத் தொடுத்தது. அவருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நோயைத் தடுக்கும் அதிகாரமும் எழுத்தைத் தண்டிக்கும் அதிகாரமும் ஒரே ஆண்டில் கைகோத்துச் செயல்பட்டன.

ஊரடங்கின் தொடக்கம்

தமிழ்நாட்டின் முதல் கோவிட் தொற்று 2020 மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டது. ஓமனிலிருந்து காஞ்சிபுரத்துக்குத் திரும்பியவருக்கு அந்நோய் கண்டறியப்பட்டது. மார்ச் 22-இல் நாடு தழுவிய ஒருநாள் மக்கள் ஊரடங்கு நடந்தது. மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு நடைமுறைக்கு வந்து, பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

அதற்கு முன்பே ஒரு பெரிய போராட்டம் தானாகவே பின்வாங்கியிருந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சென்னை வண்ணாரப்பேட்டையில் பிப்ரவரி 14 முதல் இரவு பகலாக நடந்த அமர்வுப் போராட்டத்தை, நோய் அச்சம் காரணமாக மார்ச் 18 அன்று போராட்டக்காரர்களே ஒத்திவைத்தனர். டெல்லி ஷாகீன் பாக் போராட்டக் களத்தை மார்ச் 24 அன்று காவல்துறை அகற்றியது. பொதுநலனுக்காக விட்டுக்கொடுக்க மக்கள் தயாராக இருந்தார்கள் என்பதை வண்ணாரப்பேட்டை காட்டியது.

144 தடை உத்தரவை நியாயமான கருத்து வெளிப்பாட்டை அடக்குவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2020 ஜனவரி 10 அன்றுதான் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. மார்ச் 31 அன்று புலம்பெயர் தொழிலாளர் தொடர்பான வழக்கில், நோய் பற்றிய அரசின் அதிகாரபூர்வத் தகவலை ஊடகங்கள் வெளியிட வேண்டும் என்று அது உத்தரவிட்டது. அதே உத்தரவில், நோய் குறித்த சுதந்திரமான விவாதத்தில் தலையிடும் எண்ணம் இல்லை என்றும் குறிப்பிட்டது.

வாசலில் நின்ற போராட்டம்

கூட்டம் கூட முடியாத நிலையில் தமிழ்நாட்டில் ஒரு புதிய போராட்ட வடிவம் பரவியது. 2020 மே 7 அன்று டாஸ்மாக் மதுக்கடைகளை மாநில அரசு மீண்டும் திறந்தது. கோயில்களும் பள்ளிகளும் மூடியிருக்கும்போது மதுக்கடை மட்டும் எப்படித் திறக்கலாம் என்ற கேள்வி எழுந்தது. பல ஊர்களில் பெண்கள் கடைகளின் முன் திரண்டனர். தி.மு.க. கூட்டணிக் கட்சியினர் கறுப்புச் சின்னம் அணிந்து, ஐந்து பேருக்கு மிகாமல், அவரவர் வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்றனர். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூட உத்தரவிட்டது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதிக்க, மே 16 முதல் கடைகள் மீண்டும் திறந்தன.

ஓராண்டுக்குப் பின் தி.மு.க. ஆட்சியில் 2021 ஜூனில் மதுக்கடைகள் திறக்கப்பட்டபோது, பா.ஜ.க.வினர் வீட்டு வாசல்களில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆட்சியில் இருப்பவர் மாறினாலும் வாசல் போராட்டம் என்ற வடிவம் நிலைத்தது. இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் 2020 ஏப்ரல் 19 அன்று ஆயிரக்கணக்கானோர் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு நின்று அரசுக்கு எதிராக நடத்திய கூட்டத்தையும் இங்கு ஒப்பிடலாம். நோய்த் தடுப்பு விதியைக் கடைப்பிடித்தவாறே எதிர்ப்பைச் சொல்ல முடியும் என்று இவை மெய்ப்பித்தன.

செய்தியும் வழக்கும்

எல்லாக் குரல்களும் இவ்வளவு எளிதாகத் தப்பவில்லை. கோயம்புத்தூரில் இயங்கிய சிம்ப்ளிசிட்டி என்ற இணையச் செய்தித் தளம், ரேஷன் பொருள் வழங்கலில் முறைகேடு பற்றியும் அரசு மருத்துவர்களுக்கு உணவு சரிவரக் கிடைக்காதது பற்றியும் செய்தி வெளியிட்டது. மாநகராட்சி அதிகாரி ஒருவரின் புகாரின் பேரில் 2020 ஏப்ரல் 23 அன்று அதன் நிறுவனர் கைது செய்யப்பட்டார். தொற்றுநோய்கள் சட்டமும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188, 505 பிரிவுகளும் அவர்மீது பாய்ந்தன. சில நாட்களில் பிணை கிடைத்தது. பத்திரிகையாளர் அமைப்புகள் இக்கைதைக் கண்டித்தன.

ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் நடந்தது மாநிலத்தையே உலுக்கியது. ஊரடங்கு நேரத்தை மீறிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19 அன்று ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். காவலில் தாக்கப்பட்ட இருவரும் ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து உயிரிழந்தனர். பல ஊர்களில் வணிகர்கள் கடையடைப்பு நடத்தினர். சமூக ஊடகங்களில் எழுந்த கண்டனம் நாட்டின் எல்லை தாண்டிச் சென்றது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் செய்தது. ஒரு பெண் தலைமைக் காவலர் அச்சத்துக்கு நடுவிலும் நடந்ததை நடுவரிடம் சொன்னார். பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது.

ஊரடங்கு மீறல் என்ற பெயரில் பதிவான வழக்குகள் ஏராளம். ஏறத்தாழ 10 லட்சம் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரி 19 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். வன்முறை, போலி இ-பாஸ் போன்றவை தொடர்பான வழக்குகளுக்கு விலக்கு. திரும்பப் பெறப்பட்டாலும், ஒரு சாதாரணக் குடிமகன் வாய் திறக்கும் முன் யோசிப்பதற்கு அத்தனை வழக்குகள் இருந்தன என்பதை மறுக்க முடியாது.

வேளாண் சட்டங்களும் அக்டோபர் 2-உம்

2020 ஜூன் 5 அன்று மத்திய அரசு மூன்று வேளாண் அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தது. செப்டம்பர் 14 அன்று தொடங்கிய நாடாளுமன்றக் கூட்டத்தொடரில், நோய்த் தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில், எண்ணி வாக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு நடுவே, குரல் வாக்கெடுப்பில் இரு மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எட்டுப் பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். செப்டம்பர் 27-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

தமிழ்நாட்டில் செப்டம்பர் 28 அன்று தி.மு.க. கூட்டணி ஆர்ப்பாட்டம் நடத்தியது. அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலின் பங்கேற்றது காஞ்சிபுரத்தை அடுத்த கீழம்பியில். அடுத்து அக்டோபர் 2 கிராம சபைகளில் இச்சட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றுமாறு அவர் அழைப்பு விடுத்தார். கூட்டம் நடத்துவதற்கான ஏற்பாடுகள் நடந்துவந்த நிலையில், காந்தி பிறந்த நாளுக்கு முந்தைய நாள், நோய்த் தொற்றைக் காரணம் காட்டி மாநிலம் முழுவதும் கிராம சபைக் கூட்டங்களை அரசு ரத்து செய்தது. அந்த ஆண்டின் மே 1, ஆகஸ்ட் 15 கூட்டங்களும் ஏற்கனவே நடக்கவில்லை.

திருவள்ளூர் மாவட்டம் கொரட்டூர் கிராமத்தில் தடையை மீறி மக்கள் கூடினர். ஸ்டாலின் அதில் பேசினார். அவர் மீதும் மற்றவர்கள் மீதும் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. டிசம்பர் 23 முதல் தி.மு.க. ஊர் ஊராகக் கூட்டங்கள் நடத்தியபோது, கிராம சபையைக் கூட்டும் அதிகாரம் அரசியல் கட்சிகளுக்கு இல்லை என்று அரசு எச்சரித்தது. 'மக்கள் கிராம சபை' என்ற பெயரில் அக்கூட்டங்கள் தொடர்ந்தன. சட்டப்படி அரசின் வாதம் சரியானதுதான். கட்சி நடத்தும் கூட்டம் கிராம சபை ஆகாது. ஆனால் உண்மையான சபையை மூடி வைத்ததால்தான் அதன் பெயரைக் கட்சிகள் எடுத்துக்கொள்ள முடிந்தது. கட்சிக் கூட்டத்தில் எதிர்க்கருத்துள்ள ஊர்க்காரர் எழுந்து பேச இடமில்லை. கிராம சபையில் அந்த இடம் உண்டு.

காஞ்சிபுரத்தின் இரட்டை வெற்றிடம்

தமிழ்நாட்டு ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் வழக்குகளால் தள்ளிக்கொண்டே போய், 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. ஆனால் மாவட்டப் பிரிப்பு காரணமாக ஒன்பது மாவட்டங்களுக்கு அப்போது தேர்தல் இல்லை. காஞ்சிபுரம் அவற்றில் ஒன்று. ஆகவே பெருந்தொற்று வந்தபோது இம்மாவட்டத்தின் ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். மற்ற மாவட்டங்களில் மக்கள் தாம் தேர்ந்தெடுத்த தலைவரின் வீட்டுக் கதவையாவது தட்டலாம். கூரம் போன்ற ஊர்களில் தேர்ந்தெடுத்த தலைவரும் இல்லை. கேள்வி கேட்கச் சபையும் இல்லை.

இதே வேளையில் 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், இந்திய மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். அந்தக் கல்வெட்டு உள்ள மாவட்டத்திலோ, ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த சில நாட்களில் நோயைக் காரணம் காட்டி நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரும் நடக்காது என்று அறிவிக்கப்பட்டது.

நெசவாளருக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. ஊரடங்கில் பட்டுச் சேலை விற்பனை நின்று தறிகள் ஓய்ந்திருந்த வேளையில், 2020 ஜூலை 27 அன்று அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை மத்திய ஜவுளி அமைச்சகம் கலைத்தது. அது ஆலோசனை கூறும் அமைப்பு மட்டுமே, அதிகாரம் குறைவு. ஆயினும் நெசவுத் தொழிலைச் சேர்ந்தவர்கள் அரசின் முன் உட்கார்ந்து பேச இருந்த ஓர் இருக்கை அதனோடு போயிற்று. தேசியக் கைத்தறி நாளுக்கு (ஆகஸ்ட் 7) அப்போது இரண்டு வாரம்கூட இல்லை.

தொழிற்சாலைப் பகுதியில் நிலைமை வேறு. 2021 மே மாத இரண்டாம் அலையில் ஊரடங்கிலிருந்து கார் ஆலைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தங்கள் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை என்று தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். ஒரகடம் ரெனால்ட்-நிசான் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். இரு ஆலைகளும் சில நாட்கள் உற்பத்தியை நிறுத்தின. இங்கு மாற்றுக்குரல் கேட்டது ஊரடங்கின் தளர்வை அன்று. இன்னும் கடுமையான பாதுகாப்பை. ஊரடங்குக் காலத்து எதிர்ப்பு என்றாலே நோயைப் பொருட்படுத்தாதவர்களின் எதிர்ப்பு என்று எண்ணுவது தவறு என்பதற்கு இது நல்ல சான்று. பேசுவதற்குச் சங்கம் என்ற அமைப்பு இருந்ததால் அவர்கள் குரல் மன்றம் ஏறியது.

இலங்கையில்

அண்டை நாடான இலங்கையில் இதன் கடுமையான வடிவத்தைக் காணலாம். கோவிட் தொடர்பாக அதிகாரிகளை விமர்சிப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அந்நாட்டுக் காவல்துறை அறிவித்தது. தொற்றால் இறந்தவர்களின் உடலை எரிப்பது ஏப்ரல் 11 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்வதை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தும், முஸ்லிம்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2020 டிசம்பரில் பிறந்து 20 நாட்களே ஆன குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டபோது, கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிச் சென்றனர். கூட்டம் இல்லை, முழக்கம் இல்லை. எதிர்ப்பு மட்டும் இருந்தது.

2021 பிப்ரவரி 3 முதல் 7 வரை நடந்த பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணியில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தனர். அம்மாத இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. ஜூலை 8 அன்று கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தின் அருகே ஆர்ப்பாட்டம் செய்த ஆசிரியர் சங்கத் தலைவர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர் கைதாயினர். நீதிமன்றம் பிணை வழங்கிய பிறகும் அவர்கள் முல்லைத்தீவு மாவட்டக் கேப்பாப்பிலவில் உள்ள விமானப்படைத் தனிமைப்படுத்தல் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மருத்துவ ஏற்பாடான தனிமைப்படுத்தல் இங்கு தண்டனையின் வேலையைச் செய்தது.

சபை திரும்பியது

2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதற்கான பிரசாரக் கூட்டங்களும் நடந்தன. ஏப்ரல் 26 அன்று அக்கூட்டங்களை அனுமதித்ததற்காகத் தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. மக்கள் தம் குறைகளைச் சமூக ஊடகத்தில் சொல்வதை ஒடுக்கினால் அது நீதிமன்ற அவமதிப்பாகும் என்று ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. ஆட்சி மாறிய பிறகும் ஆகஸ்ட் 15 கிராம சபை நடக்கவில்லை. 2021 அக்டோபர் 2 அன்றுதான் கூட்டங்கள் மீண்டும் தொடங்கின. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரை மாவட்டம் பாப்பாபட்டி கிராம சபையில் கலந்துகொண்டார். காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு அன்றும் கூட்டம் இல்லை. அங்கு அக்டோபர் 6, 9 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கவிருந்தது.

2022 ஏப்ரல் 24 அன்று முதலமைச்சர் காஞ்சிபுரம் மாவட்டம் செங்காடு கிராம சபைக் கூட்டத்தில் பங்கேற்றார். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்களை ஆறாக உயர்த்தி, மார்ச் 22 உலக நீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் அந்த ஏப்ரலில்தான் சேர்க்கப்பட்டன.

மதிப்பீடு

கிராம சபைகளை நிறுத்தியதற்கு அரசு சொன்ன காரணம் வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நாள்தோறும் ஐந்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. தடுப்பூசி அப்போது வரவில்லை. சபைக்கு வருவோரில் முதியோர் பலர். அவர்களுக்கு நோய் வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது.

ஆனால் அதே செப்டம்பரில் கோயில்கள் திறந்தன, மாவட்டங்களுக்கிடையே பேருந்துகள் ஓடின, மதுக்கடைகள் இயங்கின. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இடைவெளிக்காகக் கோட்டையை விட்டுக் கலைவாணர் அரங்கத்தில் செப்டம்பர் 14 முதல் 16 வரை கூடியது. 21-ஆம் தேதி முதல் 100 பேர் வரை கூடலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொன்னது. சட்டமன்றத்துக்குப் பெரிய அரங்கம் தேட முடிந்த அரசு, பெரும்பாலும் மரத்தடியிலும் பள்ளி மைதானத்திலும் கூடும் கிராம சபைக்கு மாற்று வழி தேடவில்லை. குக்கிராமம் குக்கிராமமாகப் பிரித்துக் கூட்டியிருக்கலாம். கோரிக்கைகளை எழுத்தில் வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் பதிந்திருக்கலாம். வரவு செலவையாவது ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கலாம்.

இந்த வரலாற்றிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் ஒன்று உண்டு. நோய்க்காக ஒரு கதவை மூடும் அரசு, எல்லாக் கதவுகளையும் ஒரே அளவில் மூடுகிறதா? மூடிய கதவுக்குப் பதில் ஒரு சன்னலையாவது திறக்கிறதா? எப்போது மீண்டும் திறக்கும் என்று நாள் சொல்கிறதா? ஹங்கேரியில் 2020 மார்ச் 30 அன்று இயற்றப்பட்ட அவசரச் சட்டத்தைப் பலரும் எதிர்த்ததற்குக் காரணம், அதற்கு முடிவுநாள் இல்லாததும், தவறான செய்தி பரப்பினால் ஐந்தாண்டு வரை சிறை என்று அது கூறியதும்தான். தமிழ்நாட்டில் சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லை. ஆனால் கிராம சபைக்கு மட்டும் மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைக்கவில்லை. ஆறு மாதம் என்ற சட்ட வரம்பு 20 மாதமாக நீண்டது. காஞ்சிபுரத்தில் அதற்கும் மேல்.

வாசலில் நின்றவர்களைப் படம் எடுக்கச் செய்தியாளர் வந்தார்கள். கட்சிகளுக்குத் தொலைக்காட்சி இருந்தது. கைப்பேசி உள்ளவருக்குச் சமூக ஊடகம் இருந்தது. இவை எதுவும் இல்லாத கூலித் தொழிலாளிக்கும் தறிக்காரருக்கும், பெயர் சொல்லிப் பேசிப் பதிவு செய்துகொள்ள இருந்த இடம் கிராம சபை ஒன்றுதான். ஊரடங்கின் இழப்பு அவர்களுக்கே மிகுதி.

அந்த இடத்தின் மதிப்பு விரைவிலேயே தெரிந்தது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. வீடும் வயலும் ஏரியும் இழக்க நேரும் ஏகனாபுரம் கிராமத்தார், அம்மாதம் 15-ஆம் தேதி நடந்த கிராம சபையில் அத்திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றினர். பின்னர் வந்த சபைகளிலும் அதைத் திரும்பத் திரும்பச் செய்தனர். திட்டம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் இருக்கிறார்கள். ஆனால் இதே அறிவிப்பு 2020-இல் வந்திருந்தால், தங்கள் மறுப்பை எழுதி வைக்க அவ்வூராருக்குச் சட்டம் தந்த ஏடு மூடிக் கிடந்திருக்கும்.